ஞாயித்துக்கிழமைச் சண்டை

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள், பால் காய்ச்சப் பார்ப்பார்கள். புருசனோடு சண்டை போட நாள் பார்க்கிற பொம்பளையை நான் சாத்தூரில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமையைத் தவிர வேறு எந்த நாளும் ஆகாது. திங்கட்கிழமை வந்த கோபம் என்றாலும் சரி, அது ஆறு நாள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நான் பக்கத்து வீட்டில் குடியிருந்து கண்ணால் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், கேள்விப்பட்ட கதையென்றால் நானே நம்பியிருக்க மாட்டேன். அந்த அக்காவின் பேரை மட்டும் கேட்காதீர்கள். எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் போன் போட்டு ஏசுவாள்.

ரெண்டாயிரம் பிறந்து ரெண்டு மூணு வருசம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணம் முடிந்த புதுசு. அஞ்சு வீடு வரிசையாக உள்ள லைன் வீட்டில் மூணாவது வீடு எங்களுக்கு, நாலாவது அக்காவுக்கு. நடுவில் ஒரே சுவர். இங்கே அப்பளம் பொரித்தால் அங்கே தெரியும். வந்த வாரத்திலேயே ஒரு காலையில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சட்னியில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், நான் ஒரு சில்வர் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். தட்டு கீழே விழுந்து சத்தம் அடங்குவதற்குள் அக்கா வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்குகிறது, கையெல்லாம் மாவு.

"ஏத்தா, ஒம் புருசன் எங்கன வேலைக்குப் போறாரு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "லாரி ஆபீஸ்ல பில்லு போடுறாரு" என்றேன்.

அக்காவுக்கு முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அப்பச் சரி. நான் பயந்துட்டேன். நீ போடுத்தா" என்று சொல்லிவிட்டு மாவுக் கையோடு திரும்பிப் போய்விட்டாள். சண்டை போட அனுமதி கொடுத்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரியை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, அன்றைக்குச் சண்டை அதோடு நின்றுபோனது.

விசயம் பிறகுதான் தெரிந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை, பட்டாசுக்குள்ளே போகிற வெடிமருந்து. தனியாக ஒரு சின்ன அறை, அதற்குள் செருப்பில்லாத காலோடு குத்தவைத்து உட்கார்ந்து, கையால் சலித்துக் கையாலேயே கலக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் விடிகிற நேரத்திலேயே கம்பெனி வேன் வந்துவிடும். அந்த வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பொதுவாகவே காலையில் சத்தம் கேட்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்பளையை அனுப்பக் கூடாது, கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது என்று பொம்பளைகள் பார்த்துக்கொள்வார்கள். அக்கா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். காலையில் மட்டும் இல்லை, முந்தின ராத்திரியும் கிடையாது. ராத்திரி போட்ட சண்டை தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டவன் எப்படி மருந்து கலக்குவான் என்பாள். ஆக, வேலை நாள் எதுவும் சண்டைக்கு ஆகாது, சனிக்கிழமை ராத்திரி அவர் அலுப்பில் சுருண்டுவிடுவார். மிஞ்சியது ஞாயித்துக்கிழமை பகல் ஒன்றுதான். பொழுது சாய்ந்தால் அதுவும் முடிந்தது.

"அதெல்லாம் ஒராய்ஞ்சா வெடிக்கும், சூடு பட்டா வெடிக்கும். பொண்டாட்டி பேசுனதுக்கா வெடிக்கும்?" என்று நான் ஒருநாள் கேட்டேன். எனக்கு எதையும் கேட்டுவிட வேண்டும்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுத்தா" என்றாள். "எங்க ஊர்ல ஒரு மதினி இருந்துச்சு. காலையில சண்ட போட்டுக் கஞ்சி ஊத்தாம அனுப்பிச்சு. அந்த அண்ணன் திரும்பி வரல. சண்டையினாலயா, என்னத்துனாலயா, யாருக்குத் தெரியும்? ஆனா அந்த மதினி சாகுற மட்டுக்கும் 'கஞ்சி ஊத்தலயே, கஞ்சி ஊத்தலயே'ன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அது வேணாம்."

இதைச் சொல்லும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

ஆனால் கோபம் வராத பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் லைனிலேயே வாய் அவளுக்குத்தான். ஒரு தடவை, அவளுக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த பித்தளை அண்டாவை அண்ணாச்சி (அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்) தன் தங்கச்சி வீட்டு விசேசத்துக்குக் கொடுத்துவிட்டார். கேட்காமல் கொடுத்தது ஒன்று, அது திரும்பி வராதது இன்னொன்று. அக்காவுக்கு இது தெரிந்தது ஒரு திங்கட்கிழமை விடிகாலையில். வேன் தெருமுனையில் ஆரன் அடிக்கிறது. அண்ணாச்சி சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கி, "வாரேன்" என்றார். அக்கா சிரித்த முகமாக, "பாத்து வாங்க" என்றாள். வேன் போன பிறகு பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லில் அவருடைய சட்டையைப் போட்டு அவள் அடித்த அடி இருக்கிறதே, அஞ்சு வீட்டுக்கும் கேட்டது. அந்த வாரம் முழுக்க இதே கதைதான். சிரித்த முகமாக அனுப்புவது, வந்து சட்டையை வெளுப்பது. அந்தச் சட்டை தீபாவளி வரைகூடத் தாங்கவில்லை.

இதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. வாரம் முழுக்கச் சேருகிற கோபத்தை ஞாயித்துக்கிழமை வரை ஞாபகம் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொல்லி வைப்பாள். ஞாயித்துக்கிழமை இட்லி எல்லாம் ஆன பிறகு சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். நான் போவேன். "புதங்கெழம என்னமோ சொன்னேனே, என்னத்தா அது?" என்பாள். "ஒங்க மக ஊருக்குப் போகணும்னு சொன்னதுக்கு அண்ணாச்சி காதுல வாங்காமப் போனது" என்று எடுத்துக் கொடுப்பேன். கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்த ஒரே மகளைப் பார்க்கப் போவதில் அவர்களுக்குள் எப்போதும் ஒரு இழுபறி. "ஆங், அதேதான்" என்று இடுப்புச் சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே போவாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "வக்கீலம்மா வந்தாச்சா" என்பார். அவரும் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒன்று கேட்டால் ரெண்டு சொல்வார், அதுவும் சிரிப்பு வருகிற மாதிரி சொல்வார். எனக்கே பல தடவை அவர் பக்கம் சேர்ந்துவிடலாமா என்று தோன்றும்.

எல்லாம் டிவி முன்னால்தான் நடக்கும். அந்த நேரத்தில் அப்போது ஒரு சிரிப்பு நாடகம் ஓடியது. அதில் ஒரு புருசன், ஒரு பெண்டாட்டி. கல்யாணமாகிப் பல வருசம் ஆனவர்கள். அவருக்கு ஏதோ ஆபீஸில் வேலை. காலைக் காபியில் ஆரம்பிக்கிற சண்டை அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரை நடக்கும். வாசலில் நின்றும் அந்தம்மா கத்துவாள். சாயந்திரம் அவர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மூக்குக்கண்ணாடி காணோம் என்று ஒரு வாரம், மச்சினன் வந்து தங்கிவிட்டான் என்று ஒரு வாரம். நடுநடுவே கூட்டமாக யாரோ சிரிப்பார்கள். "இந்தச் சிரிக்கிற ஆளுகள்லாம் எங்கன உக்காந்திருக்காக?" என்று அக்கா கேட்பாள். யாருக்குத் தெரியும்?

ஊரே அந்த நாடகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா சிரிக்க மாட்டாள். பொறாமையோடு பார்ப்பாள். "அவளுக்கென்ன, வாசல்ல நின்னுகூட வைவா. புருசன் போறது ஆபீசுக்கு. பேனா வெடிக்கவா போகுது?" என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் அவள மாதிரித்தான். குடுத்து வச்சவ" என்பாள். அன்றன்றைக்கு வருகிற கோபத்தை அன்றன்றைக்கே கழித்துவிடுகிற பாக்கியத்தைச் சொல்கிறாள். எனக்கு அப்படி ஒரு பாக்கியம் இருக்கிறது என்றே அதுவரைக்கும் தெரியாது.

அண்டா, மகள் வீடு, நாத்தனார் என்று எதில் ஆரம்பித்தாலும் அக்கா மனதில் இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். அண்ணாச்சி மருந்து ரூமை விட்டு வெளியே வர வேண்டும். அதே கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை இருக்கிறது, குடோனில் வேலை இருக்கிறது. கூலி குறையும், குறைந்தால் குறையட்டும், ரெண்டு பேருக்கு எம்புட்டு வேணும் என்பாள். அண்ணாச்சிக்கு மனசில்லை. கம்பெனியில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. போர்மேனே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பெட்டி அடைக்கிற இடத்தில் போய்ப் பத்தோடு பதினொன்றாக உட்காருவதா என்று இருந்தது அவருக்கு.

இந்தப் பேச்சை வேலை நாளில் எடுக்கவே முடியாது. மருந்து ரூமுக்குப் போகிறவனிடம் மருந்து ரூமைப் பற்றிப் பயமுறுத்தலாமா? ஞாயித்துக்கிழமை எடுத்தால் அண்ணாச்சி, "வாரத்துல ஒரு நா லீவு, அன்னைக்கும் மருந்துப் பேச்சா?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அந்த ஆபீஸ்காரரும் அவர் பெண்டாட்டியும் கத்துவதில் அக்கா சொல்வது அமுங்கிப் போகும். இப்படியே வருசக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. இருக்கன்குடி மாரியம்மனிடம் மட்டும் அக்கா எல்லா நாளும் சண்டை போடுவாள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால் கும்பிடுகிற மாதிரியே இருக்காது, வம்புக்கு நிற்கிற மாதிரி இருக்கும். "என்னக்கா கேட்டீக?" என்றால், "அவளுக்குத் தெரியும்" என்பாள்.

அந்த ஞாயித்துக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். ஆடி முடிந்து தீபாவளிச் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சீசனில் சில ஞாயித்துக்கிழமை வேலை வைப்பார்கள், ஆனால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு வேலை என்று யாரும் சொல்லவில்லை. வழக்கம் போலச் சுவரில் தட்டினாள், நானும் போனேன்.

நாடகத்தில் அன்றைக்கு அந்த ஆபீஸ்காரர் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சும்மா பயமுறுத்துகிறார். அவர் பெண்டாட்டி பதறுவாள் என்று பார்த்தால், "விட்டுருங்க, வீட்டுல என் கண்ணு முன்னால இருங்க, அது போதும்" என்கிறாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீகளா, அவ சொல்றத. நானும் இதத்தான் எத்தன வருசமாச் சொல்றேன்."

அண்ணாச்சிக்கு நல்ல மூடு. காலை ஆட்டிக்கொண்டே, "வீட்டுல இருந்தா ஒன் வாய்க்கு யாரு பதில் சொல்றது? அதுக்கு மருந்தே தேவல" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் டிவியில் அந்தக் கூட்டம் கொல்லென்று சிரிக்கவும் சரியாக இருந்தது. அந்தச் சிரிப்பு வேறு எதற்கோ வந்தது. ஆனால் எனக்கும் அக்காவுக்கும் அது அவளைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் இருந்தது. அக்காவுக்கு முகம் சிவந்துபோனது.

"அப்ப அது கூடவே கெடந்து வெந்து போங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணாச்சி காலை ஆட்டுவதை நிறுத்தினார். நான் தரையைப் பார்த்தேன். அந்த வீட்டில் அந்த வார்த்தை அதுவரை விழுந்ததே இல்லை. ஞாயித்துக்கிழமைதானே, ராத்திரிக்குள் ஏதாவது சொல்லிச் சரிக்கட்டிவிடலாம் என்று அவள் நினைத்திருக்கக் கூடும். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது. போர்மேன். "அண்ணாச்சி, அவசர ஆர்டர். இந்த லோடு நாளைக்கே போயாகணுமாம், முதலாளி சொல்லிட்டாரு. வாரீகளா, வண்டியிலயே போயிருவோம்" என்றார்.

வெயில் ஏறின பிறகு மருந்து கலக்கக் கூடாதுதான், சீசனில் அதை யார் பார்க்கிறார்கள்? அண்ணாச்சி எழுந்து வேலைக்குப் போடுகிற பருத்திச் சட்டையை எடுத்துக்கொண்டார். அக்கா வாசல்வரை வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. "வாரேன்" என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததால் அவளும் "பாத்து வாங்க" சொல்லவில்லை. பைக் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே அந்தக் கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நான் போய் டிவியை அமத்தினேன்.

"ஏத்தா, என் கூட வா" என்றாள் அக்கா. எங்கே என்று நான் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாளா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. பஸ் பிடித்து, இறங்கி, வெயிலில் நடந்தோம். ரெண்டு பக்கமும் கரிசல் காடு, வேலிக்கருவை, தூரத்தில் ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கட்டியிருக்கிற சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளில் எது அவர் அறை என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில்தான் அவள் காலில் செருப்பு இல்லை என்பதைப் பார்த்தேன். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. பொண்டாட்டி பேசினதுக்கா வெடிக்கும் என்று கேட்ட நான்தான், அன்றைக்கு ஒரு டிராக்டர் டப்பென்று புகை விட்டதற்கு அவள் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வெளியாளை உள்ளே விடமாட்டேன் என்றார். கூப்பிட்டு விடுகிறேன், என்ன விசயம் என்றார். அங்கேதான் அக்காவுக்குச் சிக்கல். லீவு நாளில் பெண்டாட்டி கம்பெனி கேட்டில் வந்து நிற்கிறாள் என்றால் வீட்டில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் எவனும் நினைப்பான். கலக்கின மருந்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், பெண்டாட்டி வந்திருக்கிறாள் என்று திடீரெனச் சொன்னால் என்ன ஆகும்? அவரைப் பதறவிடாமல் கூப்பிட வேண்டும். அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்குத்தான் எதிரில் இருந்த டீக்கடை கண்ணில் பட்டது. ஓடிப்போய் ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி வந்தேன். "திங்கிறதுக்குக் கொண்டாந்திருக்காகன்னு சொல்லுங்க. வேலைய ஓரங்கட்டிட்டு மெதுவா வரச் சொல்லுங்க" என்றேன். வாட்ச்மேன் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி வருவதற்கு வெகுநேரமானது. முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாக மினுங்கும் கையோடு, வெறுங்காலோடு வந்தார். அக்கா பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"சேவா? எனக்குப் பல்லு வலின்னு ஒனக்குத் தெரியாதா?"

"இங்கன பாருங்க" என்றாள் அக்கா. "நான் சொன்னத மனசுல வைக்காதீக. வாய் தவறிட்டு. இனிமே அந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேன். இந்த வேலைய விடுங்கன்னு கேக்கவே மாட்டேன். ஒங்களுக்கு எம்புட்டு நா இஷ்டமோ அம்புட்டு நா இருங்க. சண்டை முடிஞ்சுபோச்சு. நீங்க நிம்மதியா வேலையப் பாருங்க."

"இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்த?"

"ஆமா."

அண்ணாச்சி பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். பிறகு, "சரி. வாரேன்" என்றார்.

"பாத்து வாங்க" என்றாள் அக்கா. அந்தச் சிரிப்பை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து முகத்தில் வைத்தாள்.

பஸ்ஸில்தான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இன்னைக்கு அவரு நல்லபடியா வீடு வரணும்னா நான் வாய மூடணும். என்னைக்கும் நல்லபடியா வரணும்னா நான் சண்ட போடணும். நான் எதத்தான் செய்யத்தா?" என்றாள். எனக்கு அண்ணாச்சி மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருசம் கேட்டதை, மருந்து ரூமை விடுங்கள் என்கிற அந்த ஒன்றை, அவருக்கு ஒரு நாள் நிம்மதிக்காக விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறாள், அந்த மனுசன் சரி வாரேன் என்று திரும்பிப் போகிறார். நானாக இருந்தால் அந்தச் சேவை அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். அதைச் சொன்னேன். அழுகையோடு சிரித்தாள். சேவை ரெண்டு பேரும் தின்று முடித்தோம்.

அண்ணாச்சி சாயந்திரம் வந்தார். எப்போதும் போலத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கையைக் கழுவினார், குளித்தார், சாப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்தப் பேச்சு மட்டும் இல்லை, எந்தப் பேச்சும் எடுக்கவில்லை. ஞாயித்துக்கிழமை சுவரில் தட்டுவது நின்றுபோனது. நானாகப் போய் உட்காருவேன். நாடகம் ஓடும், அந்த ரெண்டு பேரும் கத்துவார்கள், கூட்டம் சிரிக்கும், அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். பொறாமைகூட இல்லை. அண்ணாச்சி திரும்பித் திரும்பி அவளைப் பார்ப்பார். "என்ன, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்பார். "நீங்க டிவியப் பாருங்க" என்பாள்.

ஜெயித்தவர் சந்தோசமாக இருக்க வேண்டாமா? அவர் தவித்துப் போனார். வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். அவள் எடுத்துக் கொடியில் போடுவாள். "கோவில்பட்டிக்குப் போவமா?" என்பார். "போவோம்" என்பாள். "போகாட்டி என்ன?" என்பார். "போகாட்டி விடுங்க" என்பாள். ஒரு ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போய், அந்தப் பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு வழியாக வந்தார். அஞ்சு வீட்டு ஆட்களும் வெளியே வந்து பார்த்தோம். அண்டாவை இறக்கி வைத்து, "ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு பாரு, அவ வீட்டுலதான் நெளிச்சிருக்கா" என்று ஆசையோடு காத்திருந்தார். அக்கா அதைத் துடைத்துப் பரணில் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்காவே சொன்னாள்.

அப்புறம் அந்த நாடகமும் முடிந்துபோனது. என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் வேலை கிடைத்து நாங்களும் வீட்டைக் காலி பண்ணினோம். அவரோடு நான் காலையில் சண்டை போடுவதை நிறுத்தவில்லை. வத்தலும் வெடிக்காதுதானே.

ரெண்டு வருசம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கன்குடிக்குப் போகிற வழியில் சாத்தூரில் இறங்கி, அக்காவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெருவுக்குள் திரும்பினேன். காலை வெயில்கூட இன்னும் சரியாக ஏறவில்லை. தெருமுனையிலேயே அக்காவின் குரல் கேட்டது. பழைய தொண்டை. "ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீகன்னு எத்தன தடவ சொல்றது? மெத்தையெல்லாம் நாறுது. ஒங்க வீட்டுல இதத்தான் சொல்லிக் குடுத்து வளத்தாகளா?" இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, விடிந்து இன்னும் முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இவள் என்ன இப்படிக் கத்துகிறாள்? இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

வேகமாகப் போனேன். அண்ணாச்சி நாற்காலியில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கை சுத்தமாக இருந்தது, ரேகைக்குள்கூட வெள்ளி இல்லை. "வா வா வக்கீலம்மா" என்றார்.

"என்ன அண்ணாச்சி, கம்பெனி லீவா?"

"லீவெல்லாம் இல்லத்தா, நின்னுட்டாரு" என்றாள் அக்கா. "போன தீபாவளியோட."

"முட்டு வலி. குத்தவச்சு உக்கார முடியல" என்றார் அவர், முழங்காலைத் தடவிக்கொண்டே. அந்தக் காலோடுதான் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

எனக்குத்தான் எதையும் கேட்டுவிட வேண்டுமே. "அக்கா திருப்பிக் கேட்டுச்சா, அண்ணாச்சி?" என்றேன்.

"எங்கன கேட்டா?" என்றார். "ஒரு வார்த்தை கேக்கலியே. அன்னைக்குக் கம்பெனிக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்பறம் ஒரு வார்த்தை கேக்கவே இல்ல." பெரிய குறையாகத்தான் சொன்னார். பிறகு மறுபடியும், "முட்டு வலிதான்" என்றார். அக்காவும் ஆமாம், முட்டு வலிதான் என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்குக் காபி போடப் பால் இல்லை. அதற்கும் அவர்தான் காரணம் என்று அக்கா ஆரம்பித்தாள். நேத்தே சொன்னேன், கடையில போயி உக்காந்து ஊர்ப் பேச்சுப் பேசத் தெரியுது, ஒரு பாக்கெட் பால் வாங்க ஞாபகம் இல்ல, ஒங்க தங்கச்சி வந்தா மட்டும் ரெண்டு பாக்கெட் வருது, இப்படியாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி எழுந்து பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினார்.

அக்காவின் பேச்சு அந்த இடத்திலேயே நின்றது. பாதி வார்த்தையில் நின்றது. முகத்தில் இருந்த கோபம் போய் அந்தப் பழைய விடிகாலைச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "பாத்து வாங்க" என்றாள்.

அண்ணாச்சி இன்னொரு செருப்பை மாட்டவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார்.

"பால் வாங்கத்தான போறேன்" என்றார். "மிச்சத்தையும் சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு இடுப்புச் சேலையைச் சொருகிக்கொண்டு, விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கினாள். தங்கச்சி, அண்டா, அதன் நெளிவு, கோவில்பட்டி எல்லாம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைக்கூடத் துடைக்காமல் வைதாள். அவர் ஒற்றைச் செருப்போடு நின்று முழுசையும் கேட்டார். அவள் முடித்த பிறகுதான், "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.